ஏலக்காய் பொறுக்கும் வேலை மதியத்துக்குப் பின் சுணங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். போடியில் சிறிய ஏலக்காய்க் கிடங்கு நடத்துகிறேன். நறுமணப் பொருள் வாரிய ஏலத்தில் எடுத்த காயைச் சலித்து, 8 மி.மீ.க்கு மேற்பட்டதைத் தனியாக்கிய பிறகு, வெடித்த காயையும் நிறம் மங்கியதையும் பெண்கள் கையால் பொறுக்குகிறார்கள். காலையில் கை பரபரவென்று ஓடுகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு மடியில் கைப்பேசி. முறத்தில் வெடித்த காய் நல்ல காயோடு கலந்தே போய்விடுகிறது. கைப்பேசியை வாங்கி வைக்க எனக்கு மனமில்லை. பள்ளி விட்டுப் பிள்ளை வீடு சேர்ந்ததா என்று தாய் கேட்கத்தானே வேண்டும்?

தினக்கூலியை விட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்தால், அவசரத்தில் தரம் கெடுமோ என்று அஞ்சுகிறேன். கம்பம், குமுளி, வண்டன்மேடு பக்கம் இதே தொழிலில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கிலோக் கூலிக்கு மாறியவர்கள், பொறுக்கிய காயை மறுபடி யார் சோதிக்கிறார்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.