மெயின் கூன் குட்டி: ப்ரீடர் கான்ட்ராக்ட்டுல எதைக் கேட்டு மாத்தணும்?

ஜன்னல்_சீட்டு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாள் ஆசை, ஒரு மெயின் கூன் (பெரிய சைஸ், நீளமுடிப் பூனை இனம்) குட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறோம். குட்டிக்கு இப்ப 10 வாரம். 13 வாரம் முடிஞ்சதும் கொடுப்பாங்களாம். ப்ரீடர் (பூனையை இனப்பெருக்கம் பண்ணி குட்டி விக்கறவங்க) நல்லாத்தான் பேசறாங்க, தாய்ப்பூனையைக் காட்டினாங்க, வீடும் சுத்தமா இருந்துச்சு. நேத்து ராத்திரி மூணு பக்கத்துக்கு ஒரு கான்ட்ராக்ட் அனுப்பினாங்க. அதைப் படிச்சதுலேர்ந்துதான் குழப்பம்.

அதுல இருக்கறது இவ்வளவு: 72 மணி நேரத்துக்குள்ள கால்நடை டாக்டர்கிட்ட காட்டலைன்னா கேரண்டி செல்லாது. பரம்பரை இதய நோய்க்கு ஒரு வருஷம் கேரண்டி. நோய் வந்தா பூனையைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற குட்டி எடுத்துக்கலாம், பணம் வராது, வைத்தியச் செலவும் நம்மளது. 6 மாசத்துக்குள்ள கருத்தடை பண்ணி சர்ட்டிஃபிகேட் அனுப்பணும். வெளியில விடக் கூடாது. நகத்தை அடியோட எடுக்கற ஆபரேஷன் கூடாது. அவங்க சொல்ற சத்துப் பொடியை ஆயுசுக்கும் கொடுக்கணும், நிறுத்தினா கேரண்டி ரத்து. வளர்க்க முடியலைன்னா அவங்ககிட்டயே திருப்பித் தரணும், வேற யாருக்கும் கொடுக்கக் கூடாது.

வீட்டுக்காரர் "எல்லா இடத்துலயும் இப்படித்தான் எழுதுவாங்க, கையெழுத்தைப் போடு"ங்கறார். வீட்டுல ஏற்கெனவே 7 வயசுல ஒரு நாட்டுப்பூனை இருக்கா. அவளை நினைச்சாலும் பயமா இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கறுப்பு_மீசை:

மிக்ஸிக்குக் கொடுக்கற கேரண்டி கார்டே ஒழுங்கா செல்லுபடியாகறதில்ல, பூனைக்கு எங்க ஆகப் போகுது? குட்டி துறுதுறுன்னு இருக்கா, கண்ணு மூக்கு சுத்தமா இருக்கா, வாங்கிட்டு வாங்க. பேப்பர் எல்லாம் சும்மா.

பஞ்சு_வால்:

மீசை தம்பி சொல்றதுல பாதி சரி. ஆனா கையெழுத்துப் போட்டா பேப்பர் நம்மளைக் கட்டும், அதனால சும்மான்னு விட முடியாது.

ஜன்னல்சீட்டு, நான் மெயின் கூன் ப்ரீட் பண்ணிட்டிருந்தவ. இப்ப நிறுத்தியாச்சு, வயசான ரெண்டு பேர் மட்டும் சோபாவை ஆக்கிரமிச்சுக்கிட்டு இருக்காங்க. இந்த மாதிரி கான்ட்ராக்ட் நானே எழுதிக் கொடுத்திருக்கேன். எந்த வரி பூனைக்காக, எந்த வரி ப்ரீடருக்காகன்னு எனக்குத் தெரியும்.

அந்த "திருப்பிக் கொடுத்துட்டு வேற குட்டி" இருக்கே, அதை யாரும் வந்து கேக்க மாட்டாங்கங்கற தைரியத்துல எழுதற வரி. எட்டு மாசம் உங்க தலையணையில படுத்துத் தூங்கின ஜீவனைக் கூடையில போட்டுக் கொண்டு போய்க் கொடுப்பீங்களா? மாட்டீங்க. அது எழுதினவங்களுக்கும் தெரியும். சரி, மனசைக் கல்லாக்கிட்டுக் கொடுத்தீங்கன்னே வச்சுக்குவோம். பதிலுக்கு வர்றது அதே அப்பா அம்மாவோட அடுத்த ஈத்துக் குட்டி. மறுபடியும் அதே பயம்.

இப்படி மாத்தச் சொல்லிக் கேளுங்க: நோய்னு இதய நிபுணர் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து உறுதி செஞ்சா, பூனை உங்ககிட்டயே இருக்கும், வாங்கின விலையில இத்தனை பங்கு திரும்ப வரும். மாத்துக் குட்டிதான் கொடுப்போம்னா, அது வேற ஜோடியோட குட்டியா இருக்கணும். உருப்படியான ப்ரீடர் இதுக்கு முகம் சுளிக்க மாட்டாங்க. வைத்தியச் செலவு மட்டும் யாரும் ஏத்துக்க மாட்டாங்க, அதுக்காக மல்லுக்கட்ட வேண்டாம். அந்தச் சக்தியை இன்ஷூரன்ஸ் பக்கம் திருப்புங்க. குட்டி வீட்டுக்கு வந்த உடனே எடுங்க. ஏற்கெனவே இருக்கற நோய்க்குத் தர மாட்டோம்ங்கறது பெரும்பாலான பாலிசில உண்டு. பரம்பரை நோய் சேருதான்னு படிச்சுட்டு எடுங்க.

ஒரு வருஷக் கணக்கும் உதவாது. மெயின் கூனுக்குப் பெரிய பயமே எச்சிஎம், அதாவது இதயத்தசை தடிச்சுக்கிட்டே போற நோய். நிறைய பூனைக்கு அது ரெண்டு மூணு வயசுக்கு மேலதான் எக்கோவுல தெரியவே ஆரம்பிக்கும். முதல் பிறந்த நாளோட முடியற கேரண்டி, நோய் வர்றதுக்கு முன்னாடியே காலாவதி. குறைஞ்சது ரெண்டு வருஷம் கேளுங்க, மூணு கிடைச்சா நல்லது.

ஆனா இதெல்லாம் நோய் வந்த பிறகு பேசற பணப் பேச்சு. குட்டி நல்ல இதயத்தோட பொறந்திருக்கான்னு ஓரளவு சொல்லக் கூடியது அப்பா அம்மாவோட ரிப்போர்ட்தான். அது உங்க கான்ட்ராக்ட்டுல ஒரு வரி கூட இல்ல, கவனிச்சீங்களா?

ரெண்டு ரிப்போர்ட் வேணும். ஒண்ணு மரபணு டெஸ்ட். மெயின் கூன்ல எச்சிஎம்முக்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை 2005லயே கண்டுபிடிச்சுட்டாங்க. ரெண்டு பேருக்கும் அது இல்லைன்னா குட்டிக்கும் இருக்காது. "அப்பா அம்மா க்ளியர், குட்டிக்கு எதுக்கு டெஸ்ட்?"னு கேப்பாங்க. அப்பா உண்மையிலேயே அந்தப் பூனைதான்னா அது சரியான பேச்சு. ரெண்டாவது எக்கோ. அந்த ஒரு மாற்றம் இல்லாமலே எச்சிஎம் வர்ற மெயின் கூன் ஏராளம், அதனால ஜீன் டெஸ்ட்டை மட்டும் காட்டி "ஹார்ட் க்ளியர்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. எக்கோவும் ஒரு தடவை எடுத்து ஃப்ரேம் போட்டு மாட்டற விஷயம் இல்ல, ப்ரீட் பண்ற வரைக்கும் வருஷா வருஷம் எடுக்கணும். ஒரு வயசுல எடுத்த எக்கோவைக் காட்டி அஞ்சு வயசுத் தாய்க்கு சர்ட்டிஃபிகேட் கொடுக்கறவங்க உண்டு.

ரிப்போர்ட்டைக் கையில வாங்கினா மொதல்ல நீங்க பாக்க வேண்டியது சிப் நம்பர், அதாவது பூனையோட தோலுக்கடியில வைக்கற அடையாளச் சிப்போட நம்பர். 15 இலக்கம். அது அந்தப் பூனையோட ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர்ல இருக்கற நம்பரும்தானான்னு ஒவ்வொரு இலக்கமா ஒத்துப் பாருங்க. நம்பர் இல்லாத ரிப்போர்ட் எந்தப் பூனையோடதா வேணாலும் இருக்கலாம். அப்புறம் தேதி. அப்புறம் எக்கோ பார்த்தவர் இதய நிபுணரா, பொது டாக்டரான்னு. தாய்ப்பூனையைக் காட்டினாங்கன்னு சொன்னீங்க, அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வெளியிலேர்ந்து கடன் வாங்கின ஆண்பூனைன்னா பேப்பர் பெரும்பாலும் அங்கதான் காணாமப் போகும்.

சத்துப் பொடி வரியை அடிச்சுடுங்க. அந்தப் பொடி இதயத்தைக் காப்பாத்தாது. சில பொடிக்கு வித்தவங்களுக்குக் கமிஷன் போகும். ஒரு டப்பா வாங்க மறந்தா கேரண்டி போச்சுன்னு சொல்றதுக்கு வசதியான வரி, வேற ஒண்ணும் இல்ல.

கருத்தடை, வெளியில விடாம இருக்கறது, நகம் எடுக்காம இருக்கறது மூணும் நியாயம். நகம் எடுக்கறதுங்கறது விரலோட கடைசி எலும்பையே வெட்டறது, தெரியாதவங்களுக்குச் சொல்றேன். வளர்க்க முடியலைன்னா திருப்பிக் கொடுக்கணும்ங்கறதுதான் மூணு பக்கத்துலயும் பூனைக்காக எழுதின வரி. அதைத் தொடாதீங்க.

இன்னொண்ணு, கேக்கவே கஷ்டமாத்தான் இருக்கும். கேரண்டி காலத்துல பூனை திடீர்னு இறந்துட்டா, பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தாத்தான் கணக்குன்னு பல கான்ட்ராக்ட்ல இருக்கும். உங்களோடதுல அதைப் பத்திப் பேச்சே இல்லைன்னா எழுதி வாங்கிடுங்க, செலவு யாரோடதுங்கறதையும் சேர்த்து. அப்படி ஒரு நிலைமை வந்தா உடலை ஃப்ரீசர்ல வைக்கக் கூடாது, உறைஞ்சா திசு கெட்டுடும், இதயத்தசையைப் பார்த்துச் சொல்ல முடியாது. குளிர்ல வச்சு சீக்கிரம் கொண்டு போகணும். அழுதுக்கிட்டு இருக்கும்போது இதை யாரும் கூகுள் பண்ண மாட்டாங்க, அதான் இப்பவே சொல்லி வைக்கறேன்.

ஊசி_டாக்டர்:

நான் கால்நடை மருத்துவர். இதயம் பற்றி பஞ்சு_வால் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. தொற்றுநோய் பற்றியும் உங்கள் பங்கு பற்றியும் கொஞ்சம்.

72 மணி நேரம் என்பது பரிசோதனைக்கு நியாயமான கெடு. இதய முணுமுணுப்பு (துடிப்போடு கேட்கும் கூடுதல் சத்தம்), தொப்புள் குடலிறக்கம், காதுப் பூச்சி, விரை இறங்காதது எல்லாம் அன்றே தெரிந்துவிடும். தொற்றுநோய்க்கு அந்தக் கெடு போதாது. பான்லூகோபீனியா (குட்டிகளைக் கொல்லக்கூடிய வைரஸ் நோய்) கிருமி உள்ளே போய் நோயாக வெளிப்பட ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மூன்றாம் நாள் துள்ளிக் குதித்த குட்டி ஆறாம் நாள் வாந்தியோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்கு 72 மணி, தொற்றுநோய்க்கு 14 நாள் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

இதில் உங்கள் பொறுப்பும் இருக்கிறது. 13 வாரத்தில் வரும் குட்டிக்கு அநேகமாக இரண்டு தவணை தடுப்பூசி முடிந்திருக்கும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் மிச்சமிருந்தால் அந்தத் தவணைகள் வீணாகியிருக்கலாம். அதனால்தான் 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ இன்னொரு தவணை போடுகிறோம். அந்தத் தவணை உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வருகிறது. "ப்ரீடரே எல்லாம் போட்டுவிட்டார்" என்று விட்டுவிட்டால், நஷ்டம் குட்டிக்கு. கேரண்டியும் அதோடு போகும்.

வீட்டில் இருக்கும் பெரிய பூனைக்காக, குட்டியை இரண்டு வாரமாவது தனி அறையில் வையுங்கள். தட்டு, மண் டப்பா எல்லாம் தனி. அந்த இரண்டு வாரத்தில் தும்மல் வந்தால் ப்ரீடரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பூனை ஹெர்பஸ் வைரஸ் பல பூனைகளில் ஆயுள் முழுக்கத் தங்கியிருக்கும், இடம் மாறிய பதற்றத்தில் தலைகாட்டும். படர்தாமரை வேறு கதை. வட்டமாக முடி கொட்டினால் உடனே காட்டுங்கள், உங்கள் கைக்கும் ஒட்டும். ஃபெலைன் லுகீமியா (பூனைக்குப் பூனை பரவும் வைரஸ் நோய்) டெஸ்ட் ரிப்போர்ட் தாய்க்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எஃப்ஐபி (பூனைகளுக்கு வரும் கடுமையான வைரஸ் நோய்) என்ற பெயர் கான்ட்ராக்ட்டில் இருக்கிறதா? பலர் விலக்கிவிடுவார்கள். பூனைகளிடையே பரவும் சாதாரண கொரோனா வைரஸ் பூனையின் உடலுக்குள்ளேயே மாறி அந்த நோயாகிறது. எந்தக் குட்டிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் டெஸ்ட் இல்லை, ஆகவே அதில் ப்ரீடரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. முன்பு வந்தால் மரணம்தான். இப்போது ஜிஎஸ்-441524 மருந்தில் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. பொதுவாக 84 நாள் கொடுக்கிறோம்.

அரை_இருட்டு:

அந்தத் திருப்பிக் கொடுக்கற வரி எனக்கு உடன்பாடில்ல. காசு கொடுத்து வாங்கினது என் பூனை. எனக்கு முடியலைன்னா என் தங்கைக்குக் கொடுப்பேன், அதுக்கு எதுக்கு ப்ரீடர் பர்மிஷன்?

பஞ்சு_வால்:

தங்கச்சி பேரை இப்பவே எழுதிச் சேர்த்துக்கோங்க, நல்ல ப்ரீடர் மறுக்க மாட்டாங்க. அந்த வரி தங்கச்சிக்காக இல்ல. ஊர் மாறும்போது பூனையை நெட்ல போட்டுத் தள்ளிவிடறவங்களுக்காக. இன்னொரு பக்கமும் பாருங்க: எப்ப வேணாலும் திருப்பி வாங்கிக்கறேன்னு எழுதறவங்க, பொறக்கற ஒவ்வொரு குட்டிக்கும் தன் வீட்டுல இடம் ஒதுக்கி வைக்கணும். ஈத்து மேல ஈத்து போட்டு வித்துத் தள்ளறவங்க கையில இந்த வரி வராது.

ஜன்னல்_சீட்டு:

அக்கா, டாக்டர், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்குப் பேசினேன். தொற்றுநோய்க்கு 14 நாள், ஒத்துக்கிட்டாங்க. இதயத்துக்கு ரெண்டு வருஷம், பாதி விலை, பூனை எங்ககிட்டயே. பொடி வரியை எடுக்கக் கொஞ்சம் முனகினாங்க, கடைசியில எடுத்துட்டாங்க. தாயோட எக்கோ போன மாசம் எடுத்தது, அனுப்பிட்டாங்க, நம்பர் ஒத்துப் போகுது. அப்பாவுக்கு ஜீன் டெஸ்ட் இருக்கு, எக்கோ எடுத்து மூணு வருஷம் ஆச்சாம். "அவன் நல்லாத்தான் இருக்கான், இதுவரை ஒரு பிரச்சினையும் இல்ல"ங்கறாங்க. என்ன செய்யட்டும்?

பஞ்சு_வால்:

எச்சிஎம் உள்ள பூனையும் நல்லாத்தான் இருக்கும், ஒரு நாள் ரத்தக்கட்டி போய் அடைச்சுப் பின்னங்கால் இழுத்துக்கற வரைக்கும். குட்டி வர இன்னும் மூணு வாரம் இருக்கு, எக்கோ எடுக்கத் தாராளமா நேரம் உண்டு. பாதிச் செலவு நீங்க தர்றேன்னு சொல்லிப் பாருங்க. எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டா நான் அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன். முடிவு உங்களோடது.

வாங்கினீங்கன்னா ஒரு பழக்கம் வச்சுக்கோங்க. குட்டி அயர்ந்து தூங்கும்போது விலாவைப் பாருங்க. ஏறி இறங்கினா ஒண்ணு. ஒரு நிமிஷம் எண்ணி, தேதி போட்டுக் குறிச்சு வைங்க. 30க்குக் கீழ இருக்கணும். அடிக்கடி அதைத் தாண்டினா அன்னைக்கே டாக்டர்கிட்ட. கனவு கண்டு மீசை துடிக்கும்போது எண்ணாதீங்க, கணக்கு தப்பா வரும்.

அப்பாவோட ரிப்போர்ட் வந்ததும் பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு இங்க போடுங்க, டாக்டரும் பார்க்கட்டும்.