பொருள்: மன்றத்துக்குப் பணம் கட்டும் முன் பதிவேட்டைச் சரிசெய்யுங்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

புது மன்றத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று கேட்டு வந்த மடலைப் பார்த்தேன். பணம் தருகிறேன், அதில் தகராறு இல்லை. ஆனால் நம்ம சங்கத் தளத்தையும், டிஸ்கோர்ஸ் என்கிற மென்பொருளில் ஓடும் இந்த இணைய விவாத மன்றத்தையும் இப்போது இருக்கிற நிலையில் இணைத்தால் வினையை விலைக்கு வாங்குகிறோம். போன மாசம் ஊருக்குப் போய்வந்த என் சின்ன அத்தை பார்த்துவிட்டு வந்து சொன்னதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அத்தை சந்தா ரசீது வாங்க பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். கடைப் பையன் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டியிருக்கிறான். வரிசையாக நம் ஆட்கள் பெயர், பக்கத்தில் மின்னஞ்சல், அதற்குப் பக்கத்தில் கடவுச்சொல், பேனாவால் எழுதி வைத்திருக்கிறது. பாதிப் பேருக்கு மின்னஞ்சலே கிடையாது என்பதால் பெயரோடு இரண்டு எண்ணைச் சேர்த்து அவனாகவே ஒரு ஜிமெயில் முகவரி போட்டிருக்கிறான். அது உலகத்தில் யாருடைய முகவரியோ. நம் தளமும் எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் நம் பதிவுப் படிவம் மின்னஞ்சலுக்கு உறுதிப்படுத்தும் இணைப்பு எதையும் அனுப்புவதில்லை. பையனைக் குறை சொல்லாதீர்கள், சங்கம் சொன்ன வேலையைத்தான் அவன் செய்தான்.

திருவிழாப் படம் பார்க்க மட்டும் தளம் இருந்தவரை இதில் பெரிய கெடுதல் இல்லை. மன்றத்தில் கணக்கு விவரம், கண்மாய் வேலை, கோயில் ஓட்டெடுப்பு எல்லாம் வரப்போகிறது என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல்.

ஒரே நுழைவு, அதாவது நம் தளத்துக் கணக்கை வைத்தே மன்றத்துக்குள்ளும் போவது என்றால், நடப்பது இதுதான். மன்றத்தில் நீங்கள் உள்நுழையப் போனதும் அது ஒரு தடவை மட்டும் செல்லுகிற எண் ஒன்றை உண்டாக்கி, கையொப்பமிட்டு, உங்களை நம் தளத்துக்கு அனுப்பும். நம் தளம் கடவுச்சொல் கேட்டு ஆளைச் சரிபார்த்து, அதே எண்ணோடு பெயர், மின்னஞ்சல், அடையாள எண் மூன்றையும் சேர்த்துத் தானும் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். கையொப்பம் இரண்டு பக்கத்துக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லை வைத்து எச்மேக் ஷா-256 என்கிற கணித முறையில் போடப்படுவது, நடுவில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் பொருந்தாது. இந்த ஏற்பாட்டுக்கு டிஸ்கோர்ஸ் எஸ்எஸ்ஓ என்று இருந்த பெயரை 2021இல் டிஸ்கோர்ஸ் கனெக்ட் என்று மாற்றினார்கள். நல்ல ஏற்பாடு, கடவுச்சொல் மன்றத்தின் பக்கம் போவதே இல்லை. (அந்த ரகசியச் சொல்லை மட்டும் தயவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.)

ஆனால் மன்றம் நம் தளத்தின் வாக்கை அப்படியே நம்பும். தளம் அனுப்புகிற அடையாள எண் புதிதாக இருந்து, மின்னஞ்சல் மன்றத்தில் ஏற்கெனவே இருக்கிற ஒருவருடையதாக இருந்தால், அவர்தான் இவர் என்று அந்தக் கணக்கிலேயே உள்ளே விட்டுவிடும். பொருளாளர் மாமா மன்றத்தைத் திறந்தது அலுவலக மின்னஞ்சலில், நம் தளத்தில் இருப்பது அவருடைய பழைய யாஹூ. அப்படியானால் யார் வேண்டுமானாலும் நம் தளத்தில் அந்த அலுவலக மின்னஞ்சலைப் போட்டுப் பதிந்துகொண்டு, மன்றத்துக்குள் பொருளாளராக, நிர்வாகி அதிகாரத்தோடு போகலாம். இதற்காகவே ரெக்வையர் ஆக்டிவேஷன் என்று ஒரு குறிப்பை நம் தளம் சேர்த்து அனுப்ப வழி இருக்கிறது. அனுப்பினால் மின்னஞ்சல் ஒன்றாக இருக்கிறதே என்று மன்றம் ஆளைச் சேர்த்துவிடாது, தானே உறுதிப்படுத்தும் மடல் அனுப்பிப் பார்க்கும். நம் படிவத்தைத் திருத்தும்வரை அது கட்டாயம் வேண்டும்.

அடுத்தது யாரும் வாயைத் திறக்காத தலைக்கட்டு விவகாரம், அதாவது ஊர் வரிக்காக எண்ணுகிற குடும்பக் கணக்கு.

இணைப்பு வேலைக்கு வந்த மதிப்பீட்டில் "அடையாள எண்ணாகத் தலைக்கட்டு எண் பயன்படுத்தப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது, படித்தீர்களா? அந்த எண் மன்றத்தில் ஓர் ஆளைக் குறிப்பது. ஒரு வீட்டுக்கே ஒரு எண் என்றால், காலையில் அப்பா நுழைந்தாலும் ராத்திரி மகன் நுழைந்தாலும் மன்றத்துக்கு இரண்டு பேரும் ஒரே ஆள். அம்மா எழுதினாலும் அப்பா பெயரில்தான் வரும். என்னைப் போலக் கட்டிக்கொடுத்துப் போன பெண்களுக்கு எண்ணே கிடையாது. கண்மாய் மடைக்குப் பணம் கேட்டு சிங்கப்பூருக்கு போன் வந்தபோது நான் எந்தத் தலைக்கட்டு என்று யாரும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டீர்கள். பெயர்ப் பலகையில் என் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, அவர் நம் ஊரைப் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகு.

கணக்கு சித்தப்பா, இது உங்களுக்கு. நம் தளம் வேர்ட்பிரஸ் என்கிற மென்பொருளில் ஓடுகிறது. அதை டிஸ்கோர்ஸோடு இணைக்கச் செருகுநிரல் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) இலவசமாகவே இருக்கிறது, அது வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பயனருக்கும் தானாகத் தருகிற எண்ணையே அனுப்பும். ஆளுக்கு ஒரு எண், மின்னஞ்சல் மாறினாலும் எண் மாறாது. அதைத் தூக்கிவிட்டுத் தலைக்கட்டு எண்ணைத் திணிக்கத்தான் மதிப்பீட்டில் தனிக் கூலி போட்டிருக்கிறார்கள். சந்தா கட்டியவர்களைத் தனிக் குழுவில் சேர்க்க, நீக்க இதே வழியில் தகவல் அனுப்ப முடியும் என்பதால் உங்கள் பாக்கிப் பட்டியலுக்கும் பங்கம் வராது.

ஷார்ஜா அண்ணன் "அடுத்தவன் வீட்டில் குடியேறுவதா" என்று கேட்டிருந்தீர்கள். பதிவேடு நம்மிடமேதான் இருக்கும் அண்ணே. டிஸ்கோர்ஸ் திறமூலம், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தாங்களே நடத்தலாம், பிடிக்காவிட்டால் தரவை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இணைத்தபிறகு மற்ற நுழைவு வழிகள் எல்லாம் அடைபடும். நம் தளம் படுத்தால் புதிதாக யாரும் மன்றத்துக்குள் போக முடியாது, நிர்வாகிகளுக்கு மட்டும் மின்னஞ்சலில் இணைப்பு வாங்கி நுழைய ஒரு வழி உண்டு. போன புரவி எடுப்புத் திருவிழா சமயத்தில் டொமைன் புதுப்பிக்காமல் தளம் காணாமல் போனதே, அது மறுபடி நடக்கக் கூடாது.

– தண்ணிப்பந்தல் வீட்டுப் பேத்தி, சிங்கப்பூர்

*

ஆத்தா, உன் மடல் படித்தேன். தலைக்கட்டு வரி தலைக்கட்டு வரிதான், அது எங்கள் ஐயா காலத்து ஏற்பாடு, கம்ப்யூட்டருக்காக மாற்ற முடியாது. ஆனால் அந்தத் தனிக் கூலி வரி எனக்குக் காட்டப்படவே இல்லை. மதிப்பீட்டை யார் வாங்கியது, எத்தனை பேரிடம் கேட்டு வாங்கியது? மண்டப பெயின்ட் விஷயத்திலும் இப்படித்தான் ஒரே ஆளிடம் கேட்டார்கள். நான் பார்க்காமல் ஒரு பைசா போகாது.

– சித்தப்பா, மதுரை

*

பெயின்ட் பேச்சை இன்னும் எத்தனை வருஷம் இழுப்பீர்கள் சித்தப்பா? நான் கைக்காசு போட்டு இந்தத் தளத்தை ஆரம்பித்தபோது யாரும் மதிப்பீடு கேட்கவில்லை. தங்கச்சி சொல்கிற மின்னஞ்சல் சமாச்சாரம் நியாயம், அந்த நோட்டை நினைத்தால் வயிறு எரிகிறது. நம் வீட்டு அப்பத்தா எழுத்துக் கூட்டிப் படித்தவள், நாலு ஊர் வட்டிக் கணக்கையும் மனசிலேயே வைத்திருந்தாள், ஒருத்தரிடம் சொன்னதில்லை. பெண்களுக்கு எண் கொடுப்பதைப் பற்றி, என் தங்கைகள் இரண்டு பேர் பெயரையும் முதலில் சேருங்கள், அதன்பிறகு என் பெயர்.

– ஷார்ஜா

*

நன்றி அண்ணே. சித்தப்பா, வரியை நான் மாற்றச் சொல்லவில்லை. வரிக்குத் தலைக்கட்டு எண் ஒரு பத்தியில் அப்படியே இருக்கட்டும், நுழைவுக்கு ஆள் எண் போதும். மதிப்பீட்டை வாங்கியது யார் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அந்த நோட்டில் இருக்கிற கடவுச்சொற்களை எல்லாம் இந்த வாரமே ரத்து செய்யச் சொல்லி வாத்தியார் மாமா மகனிடம் பேசிவிட்டேன். மின்னஞ்சல் இல்லாதவர்கள் வீட்டுக்கு யாராவது நேரில் போய், அவரவர் போனில் கணக்குத் திறந்து கொடுக்க வேண்டும். மேலத்தெருவுக்கு அத்தை போகிறார். கீழத்தெருவுக்கு ஆள் வேண்டும்.