பள்ளி கேன்டீன் அம்மாவை எப்படித் தேடுவது?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். நான் படித்த பள்ளியின் கேன்டீனில் பரிமாறிய ஒரு அம்மாவைத் தேடுகிறேன். பெயர் தெரியாது. எல்லோரும் ‘கேன்டீன் அம்மா’ என்றே கூப்பிட்டோம். ஒரு தடவைகூடப் பெயரைக் கேட்காமல் விட்டது இப்போது உறுத்துகிறது.

மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சமயம். வரிசையில் பின்னாலிருந்து யாரோ இடிக்க, என் தட்டு கவிழ்ந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் கரண்டியை வைத்துவிட்டு வந்து, தரையைத் துடைத்து, வேறு தட்டில் போட்டுக் கொடுத்தார். “ஒன்னும் ஆகலைப்பா, மெதுவா சாப்பிடு.” மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, ஒரு பக்கக் காம்பை வெள்ளை நூலால் சுற்றிக் கட்டியிருந்தார். அதன்பிறகு நான் தனியாக உட்கார்ந்திருந்தால், தண்ணீர் வைக்கிற சாக்கில் வந்து நாலு வார்த்தை பேசாமல் போனதே இல்லை.

பள்ளியில் கேட்டேன். கேன்டீன் ஒப்பந்தக்காரர் பொறுப்பில் இருந்ததால் ஊழியர் பதிவேட்டில் அவர் பெயர் இல்லையாம். வகுப்புப் படங்களிலும் ஆசிரியர்கள் மட்டும்தான்.

இப்படி யாரையாவது தேடிக் கண்டுபிடித்தவர்கள் உண்டா? ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பழைய காவலாளி வழியாக விசாரித்தால் பலன் கிடைக்குமா? அவர் முகவரியை எனக்குத் தர வேண்டாம். நான் எழுதி வைத்திருக்கும் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.