ரிஃபார்மர், கேடிலாக், சேர்: பிலாட்டீஸ் கருவியில் ஏறியவர்கள் சொல்லுங்கள்

கும்பகோணம்
முதுகுவலிக்காகத் திருச்சியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய்வருகிறேன். நாள் முழுக்க நின்று பாடம் நடத்தும் உடம்பு. அங்கே ஓர் அறையில் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறைக்கான ரிஃபார்மர் கருவி கிடக்கிறது. நீளச் சட்டம், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் மெத்தைப் பலகை. ஒரு முனையில் பாதம் ஊன்றித் தள்ள ஒரு கம்பி. தோளுக்கு முட்டாக இரண்டு கட்டைகள், கை கால் மாட்ட வார்கள். பலகையைச் சட்டத்தோடு பிணைப்பவை ஸ்பிரிங்குகள்.

மல்லாந்து படுத்து, கம்பியில் பாதம் ஊன்றி முழங்காலை நீட்டினால் பலகை நகர்கிறது, மடக்கினால் திரும்புகிறது. உட்கார்ந்து எழும் அதே அசைவுதான். ஆனால் உடம்பின் கனம் முழங்காலில் இறங்குவதில்லை, முதுகும் மெத்தையில் படிந்திருக்கிறது. அதனால்தான் வலிக்காரர்களை முதலில் இதில் படுக்க வைக்கிறார்களாம்.

ஸ்பிரிங் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. காலால் தள்ளும்போது ஸ்பிரிங் கூடினால் கஷ்டம், சரி. கைகளைக் கம்பியில் ஊன்றி, பாதங்களைத் தோள்கட்டையில் பதித்து, உடம்பை நேராக விறைத்து நிறுத்தும் பிளாங்க் நிலையில் பலகையைத் தள்ளும்போது கதை தலைகீழ். ஸ்பிரிங் குறையக் குறையப் பலகை நழுவிக்கொண்டு போகும். இழுத்து நிறுத்த வேண்டியது வயிறு. எடையைக் கூட்டினால்தான் பயிற்சி என்று சொல்லும் ஜிம் தம்பிகள் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

மற்ற கருவிகளில் யாராவது ஏறியிருக்கிறீர்களா?

ஸ்ரீரங்கம்
நான் பிசியோ துறைதான் அக்கா. கேடிலாக் பற்றிச் சொல்கிறேன். உயரமான மேசைப் படுக்கை, மூலைகளில் தூண்கள், தலைக்கு மேல் கம்பிச் சட்டம். அதிலிருந்து ஸ்பிரிங்கும் கம்பிகளும் தொங்கும். இன்ஸ்டாகிராமில் எல்லாரும் அதில் தலைகீழாகத் தொங்கிப் படம் போடுகிறார்கள். எங்களுக்கு அது பெரும்பாலும் எழுந்து உட்காரவே சிரமப்படுகிறவர்களுக்கு. ஸ்பிரிங்கில் கட்டிய உருளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கையில் இறக்குவார்கள். அதே ஸ்பிரிங் திரும்ப எழவும் கைகொடுக்கும்.

கேடிலாக்கின் தள்ளும் கம்பிக்கு ஸ்பிரிங்கைக் கீழிருந்து மாட்டினால் பாதுகாப்பு வார் போட்டே ஆக வேண்டும். கை நழுவினால் கம்பி நேராக முகத்துக்கு வரும். வார் மாட்டாமல் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டனில் காவல் முகாமில் அடைபட்டிருந்தார். அங்கே நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டிப் படுத்தபடியே பயிற்சி கொடுத்தார் என்று எங்கள் துறையில் ஒரு கதை உண்டு. 1926இல் நியூயார்க் போனவர், துணைவி கிளாராவோடு சேர்ந்து பயிற்சிக்கூடம் நடத்தினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் கன்ட்ராலஜி.

திருபுவனம்
பட்டு நெசவு எனக்கு. சென்னையில் இருக்கிற மகள் அழைத்துப்போய் சேரில் உட்கார வைத்தாள். சேர் என்றால் சாய்மானம் இல்லாத பெட்டி; முன்னால் ஸ்பிரிங் போட்ட மிதி. வாழ்நாள் முழுக்கக் குழித்தறி மிதித்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று காலை வைத்தேன். தறியில் மிதித்து முடித்தால் காலை எடுத்துவிடலாம். இங்கே மிதி மேலே ஏறும்போதுதான் வேலையே! ஸ்பிரிங் வெடுக்கென்று தூக்கப் பார்க்கும், நாம் மெதுவாக ஏறவிட வேண்டும். மிதி போய் முட்டுகிற சத்தம் கேட்கக் கூடாது என்றாள் சொல்லிக்கொடுத்த பெண். தொடை நடுங்கிவிட்டது.

தஞ்சாவூர்
பரதம் ஆடுகிறேன். எனக்கு லேடர் பேரல். வளைந்த மெத்தை, எதிரே ஏணி. ஏணிப்படியில் பாதத்தைக் கோத்துக்கொண்டு அந்த வளைவின் மேல் பக்கவாட்டில் சாய்ந்தால் விலாப்புறம் முழுக்கத் திறக்கிறது. அரைமண்டியில் இடுப்பை முன்னால் தள்ளி நிற்கும் பழக்கம் எனக்குக் குறைந்திருக்கிறது.

மன்னார்குடி
எட்டடிச் சட்டத்தை வீட்டில் எங்கே போடுவது? அந்த இடத்தில் நாலு மூட்டை நெல் அடுக்கலாம் 😄

நாகப்பட்டினம்
சட்டமே வேண்டாம் அண்ணா. பிரசவத்துக்குப் பிறகு டாக்டர் சரி என்றதும், சின்னச் சாமான்களோடுதான் வீட்டில் செய்கிறேன். மேஜிக் சர்க்கிள் என்பது இருபுறமும் பிடி வைத்த வளையம். முழங்கால்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் உள்தொடை வேலை செய்யும், உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்தால் மார்பும் தோளும். ரப்பர் பேண்டைப் பாதத்தில் மாட்டி முனைகளைக் கையில் பிடித்தால் ரிஃபார்மர் வாரின் வேலையில் பாதி நடக்கும். கோரைப்பாய் மட்டும் போதாது. முதுகை உருட்டும்போது எலும்பு தரையில் இடிக்கிறது. தடித்த பாயாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கும்பகோணம்
என் அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் வளையம், பேண்ட் பயன்படுத்தலாமா தம்பி?

ஸ்ரீரங்கம்
நேரில் பார்க்காமல் முழுதாகச் சொல்ல முடியாது அக்கா. ஆனால் தலையையும் தோளையும் தூக்கி முன்னால் சுருளும் அசைவுகள், முதுகைச் சுருட்டி உருளுவது, இரண்டும் அவருக்கு வேண்டாம். அடர்த்தி குறைந்த முதுகெலும்பு அதில் நொறுங்கலாம். ஸ்கேன் அறிக்கையோடு அழைத்துவரச் சொல்லுவார்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போதே கூட்டிப்போங்கள்.