ஈஸ்டர் சமயத்தில் பார்த்து, இன்னும் மறக்காத ஆள் யாராவது உண்டா?

நொய்யல்கரை:
2025 ஈஸ்டர். மறுநாள் போப் பிரான்சிஸ் இறந்தாரே, அந்த வருசம். கோவைப் பக்கம் கருமத்தம்பட்டி பசிலிக்காவில் ராத்திரிப் பூசை. புது நெருப்பு, மெழுகுதிரி பவனி எல்லாம் முடிந்து திருமுழுக்கு (ஞானஸ்நான) வாக்குறுதியைப் புதுப்பிக்கும் இடம். "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று சாமியார் கேட்க, கூட்டம் மொத்தமும் "விட்டுவிடுகிறேன்" என்றது. பக்கத்தில் நின்ற பெரியவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கேள்விக்கும் அப்படியே. ஆனால் "விசுவசிக்கிறீர்களா?" என்றதும் எல்லோரையும் விடச் சத்தமாக "விசுவசிக்கிறேன்" என்கிறார்!

வெளியே செருப்புத் தேடும்போது கேட்டேவிட்டேன். "தம்பிகூடப் பொழித் தகராறுங்க, வரப்பு எல்லைச் சண்டை. உட்டுட்டேன்னு இங்க சொல்லிப்போட்டா, காலையில எந்திரிச்சு அவங்கிட்டப் பேசோணுமில்லீங்க? கையில திரிய வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றீங்களா?" மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தது அவர் ஒருத்தருக்குத்தானோ என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பவானிக்காரன்:
நாங்கள் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை. ராத்திரிப் பூசை கிடையாது, விடியக்காலம் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. யோவான் 20 வாசிக்கிறார்கள், மகதலேனா மரியாள் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைக்கிற இடம். சரியாக அப்போது மண்வெட்டியோடு ஒருவர் வந்து, "கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க, பத்து மணிக்கு அடக்கம் இருக்குது" என்றார். தள்ளி நின்று பாடினோம். இந்தப் பக்கம் "உயிர்த்தெழுந்தார்", அந்தப் பக்கம் குழி வெட்டுகிற சத்தம். எங்கள் போதகர் ஐயர் குரலை உயர்த்தினார், அவரும் நிறுத்தவில்லை. பிரசங்கத்தில் ஒரு வரிகூட நினைவில்லை.

நொய்யல்கரை, அந்தப் பெரியவரை ரொம்பத் தூக்கி வைக்காதீர்கள். பொய் சொல்லவில்லை, சரி. பேசவும் இல்லையே.

கோபி டீச்சர்:
என்னுடையது சின்னது. மாமியார் இறந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் பாஸ்கா திரியை, அதாவது ஈஸ்டருக்கு ஏற்றும் பெரிய மெழுகுதிரியை, ஏற்றி வைத்தார்கள். ஈஸ்டர் ராத்திரி ஆளுயரம் இருந்த அதே திரி, இப்போது பாதி. அதில் பதித்த ஐந்து சாம்பிராணி மணிகளில் இரண்டுதான் பாக்கி.

ஆனால் மேலே எழுதியதைப் பார்த்தால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஈஸ்டர் ஒரு ராத்திரியோடு முடிகிற விசயமா? பெந்தெகொஸ்தே வரை 50 நாள் அந்தக் காலம். அப்புறமும் அந்தத் திரி ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் போய், ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்றப்படுகிறது. "அநுதினமும் சாகிறேன்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே. சாவது தினமும் என்றால் எழுவதும் தினமும்தான். கோயில் வாசலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போடும்போது சும்மா கையை ஆட்டாதீர்கள், நம் திருமுழுக்கை நினைக்கத்தான் அது. அப்போது நீங்கள் பேசாமல் இருக்கிற ஒரே ஒரு ஆளை நினையுங்கள். பொழித் தகராறில் எடுத்ததும் கை வைக்க வேண்டாம், பால்காரரோடு போட்ட சண்டையில் ஆரம்பியுங்கள். ஒரு நோட்டுப் போட்டு எழுதினால் இன்னும் நல்லது. காலையில் டீவி போடவே கூடாது.

நொய்யல்கரை:
டீச்சர், டீவி எங்கிருந்து வந்தது? பவானிக்காரன், மறுநாள் காலையில் அவர் பேசவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அவர் வண்டி அன்னூர் ரோட்டில் திரும்பியது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.