பொற்பாதைக்கு யார் சாட்சி?

நீலவிழி:
ஃபிராங்க் ஹெர்பர்ட் 1981இல் வெளியிட்ட ‘காட் எம்பரர் ஆஃப் டியூன்’ நாவலை மீண்டும் படித்து முடித்தேன். படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: ஒன்பது வயதில், பாலைவனத்தில் வாழும் பேருருவ மணற்புழுவின் இளம் உயிரிகளைத் தன் தோல்மீது படரவிட்டு, மெல்ல மெல்லப் புழுவாகவே மாறி, 3,500 ஆண்டுகள் ஆண்டவன் இரண்டாம் லீட்டோ. விண்மீன்களுக்கிடையே பயணம் செய்ய இன்றியமையாத ஸ்பைஸ் என்ற போதைப்பொருள் முழுவதையும் தன் பிடியில் வைத்துக்கொண்டு, மக்களைப் பிறந்த இடத்திலேயே முடக்கிப்போட்டான். எதிர்காலத்தைக் காணும் ஆற்றல் கொண்டவன் அவன். தான் இப்படி அடக்கி ஆளாவிட்டால் மனித இனமே அழிந்துவிடும் என்கிறான். தான் இறந்த பிறகு, அடைபட்டுக் கிடந்த மக்கள் எந்த ஒருவனின் கைக்கும் எட்டாத தொலைவுக்குச் சிதறிப் பரவுவார்கள். அதற்காகத்தான் இத்தனையும் என்கிறான். இதற்கு அவன் வைத்த பெயர் பொற்பாதை.

எனக்கு அவன் கொடுங்கோலன்தான். அழிவு வரும் என்று கண்டவன் அவன். அதைத் தடுக்க எவ்வளவு துன்பம் போதும் என்று அளந்தவனும் அவன். குற்றம் சாட்டப்பட்டவனே சாட்சியும் நீதிபதியுமாக இருக்கும் வழக்கில் தீர்ப்பை எப்படி ஏற்பது?

மணற்கடிகை:
அவன் ஒருவன்தான் சாட்சி என்று சொல்வது சரியல்ல, நண்பரே. அவன் தந்தை பால் அதே பாதையைக் கண்டான். அது கேட்கும் விலைக்கு அஞ்சிப் பின்வாங்கினான். மனிதனாகவே இருந்துவிட விரும்பிய அந்த பாலின் ஆட்சி எப்படி இருந்தது? தன் பெயரால் நடந்த புனிதப்போரில் மாண்டவர்கள் 6,100 கோடி, உயிரற்றுப்போன கிரகங்கள் 90 என்று இதே வரிசையின் முந்தைய நாவலான ‘டியூன் மெசையா’வில் அவனே கணக்குச் சொல்கிறான். லீட்டோ பிறரிடம் பறித்ததைவிடப் பெரிதாகத் தன்னிடமிருந்தே பறித்துக்கொண்டான். ஹ்வீ நோரீயை அவன் காதலிக்கும் பக்கங்களை நினைத்துப் பாருங்கள். அவளைத் தொட ஒரு மனித உடல்கூட அவனுக்கு மிச்சமில்லை. அந்தப் பக்கங்களை என்னால் கலங்காமல் கடக்க முடிந்ததேயில்லை.

நீலவிழி:
நானும் கலங்கினேன். ஆனால் ஆள்பவன் அழுதான் என்பதால் ஆளப்பட்டவர்களின் துன்பம் குறைந்துவிடாது. பாலின் கணக்கை இங்கே கொண்டுவருவதும் பொருந்தவில்லை. அந்தப் போர் அவன் பொற்பாதையை மறுத்ததால் மூண்டதல்ல. அரியணைக்கு ஆசைப்பட்டதால் மூண்டது. மேலும் பாலும் லீட்டோவும் ஒரே இரத்தம், ஒரே ஆற்றல். வீட்டுக்குள்ளிருந்தே வரும் இரண்டாவது சாட்சியை எவ்வளவு நம்பலாம்?

தொடுவானம்:
எதிர்காலத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, அவன் கண்முன்னே செய்தவற்றைப் பார்ப்போமே. ஒன்பது வரலாற்றாசிரியர்களை அவர்கள் எழுதிய நூல்களோடு சேர்த்து எரித்தான். தன் குடும்பத்துக்காக எப்போதோ உயிர்விட்ட வீரன் டங்கன் ஐடஹோவை உயிரணுவிலிருந்து திரும்பத் திரும்ப உருவாக்கித் தரச்சொல்லிப் பணியில் அமர்த்தினான். எதிர்த்தெழுந்த டங்கன்களைக் கொன்றான். உடனே அடுத்த டங்கனுக்கு ஆள் அனுப்பினான். மனித இனம் பிழைப்பதற்கு ஸ்பைஸைப் பூட்டிவைப்பது தேவை என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒன்பது பேரை எரிப்பதும் தேவையா? பெரிய கொடுமைக்குக் காரணம் வைத்திருப்பவன் சின்னக் கொடுமைகளையும் அதே கணக்கில் எழுதிவிடுகிறான். என்னை உறுத்துவது இதுதான்.

மணற்கடிகை:
வரலாற்றாசிரியர்களை எரித்ததற்கு என்னிடம் விடை இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் சியோனாவை இருவருமே மறந்துவிட்டீர்கள். அவள் அவனை வெறுத்தவள், கொல்லத் திட்டமிட்டவள். பாலைவனத்தில் அவளும் கண்டாள்: மனிதர்களை வேட்டையாடும் இயந்திரங்கள், தப்பிக்க இடமின்றிக் கடைசி மனிதர்கள். எதிரியே கண்டுவிட்ட பிறகும் சாட்சி போதவில்லையா?

நீலவிழி:
எப்படிக் கண்டாள் என்பதையும் சொல்லுங்கள். தாகத்தால் துவண்டவளுக்கு அவன் உடலில் ஊறிய ஸ்பைஸ் கலந்த நீர்தான் கிடைத்தது. அதைக் குடித்த பிறகே காட்சி வந்தது. இருந்தாலும் அவள் கண்டது உண்மை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அப்போது இன்னும் பெரிய கேள்வி எழுகிறது. கண்ட பிறகும் அவள் அவனை மன்னிக்கவில்லை. பாதை தேவை என்று ஏற்றாள். அதை வகுத்தவனைக் கொன்றாள். ‘அவன் சொன்னது சரி’ என்பதும் ‘அவன் செய்தது நியாயம்’ என்பதும் வேறுவேறு என்று நாவலில் உணர்ந்தவள் அவள் ஒருத்திதான்.

மணற்கடிகை:
அவளை அப்படி ஆக்கியவனே அவன்தானே? எந்தத் தீர்க்கதரிசியின் பார்வைக்கும் தென்படாத ஒரு மனுஷி வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக மணவழிகளைத் தேர்ந்து அவளைப் பிறப்பித்தான். எனவே ஆற்றின் மேலிருந்த, அவள் ஆளைவைத்துத் தகர்த்த பாலத்தில் கால் வைத்தபோது தனக்கு என்ன நேரும் என்று அவனால் காண முடியவில்லை. தண்ணீர் தன் உடலைக் கரைத்துவிடும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். தன்னை வீழ்த்தக்கூடியவளைத் தானே உருவாக்கிய வேறு எந்தக் கொடுங்கோலன் இருக்கிறான்?

தொடுவானம்:
அப்படியானால் அவளுடைய வெறுப்பும் அவன் சொத்தாகிவிடுகிறதே. எதிர்ப்பவளின் எதிர்ப்பைக்கூட ‘இதுவும் என் திட்டம்’ என்று சொல்லிக்கொள்ள முடிகிற ஆட்சியில் விடுதலை என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

மணற்கடிகை:
அவனுக்குப் பின் விண்வெளியெங்கும் சிதறிப்போன மக்கள்தான் பொருள். அவர்களில் யாரையும் அவன் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கே போனார்கள் என்றுகூட யாராலும் பார்க்க முடியாது.

நீலவிழி:
அவர்களுக்காக நானும் மகிழ்கிறேன். ஆனால் 3,500 ஆண்டுகள் என்றால் நூறு தலைமுறைக்கும் மேல். முடங்கிய ஊரில் பிறந்து அதே ஊரில் மறைந்தவர்கள். பொற்பாதையின் காட்சியைத் தன் அரண்மனை நிர்வாகி மோனியோவுக்குக் காட்டினான், மோனியோவின் மகள் சியோனாவுக்குக் காட்டினான்; இருவரும் லீட்டோவின் குலத்தில் வந்தவர்கள். விலை கொடுத்த மற்றவர்களிடம், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு அவனிடம் நேரம் நிறையவே இருந்தது.