ஐகர் வடமுகம் "கோச்சி போகிற மலை" என்று எழுதியவருக்கு

கல்லடியான்:
நேற்று வேறொரு திரியில் சுவிஸிலுள்ள ஐகர் மலையைப் பற்றிக் கிரான் மைந்தன் எழுதியதை அப்படியே கீழே போடுகிறேன்.

"ஐகர், ஐகர் என்று ஏன் இந்தப் புழுகு? 4000 மீட்டர் கூட இல்லை. வயிற்றுக்குள்ளே கோச்சி (ரயில்) போகிற மலை. குடும்பிமலையில் வெறுங்காலோடு ஏறுகிற எங்கள் பெடியன்களை அங்கே விட்டால் காலையில் ஏறி மத்தியானச் சோற்றுக்கு இறங்கிவிடுவான்கள்."

வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஐகரின் உயரம் 3967 மீட்டர், அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் ஏறுகிறவன் கடல் மட்டத்திலிருந்தா ஏறுகிறான்? வடமுகம் அடியிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 1800 மீட்டர் சுவர். எங்கள் மட்டக்களப்புக் குடும்பிமலை மொத்தமே 500 மீட்டர் சொச்சம். மூன்று குடும்பிமலையை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அந்தச் சுவரின் தலை எட்டாது. அதுவும் எங்கள் பாறை மாதிரி இறுகின கல் இல்லை. பொரிந்துபோன சுண்ணாம்புக்கல், இடையிடையே பனிக்கட்டித் தளங்கள். வெயில் மேலே பட்டதும் பனியில் உறைந்திருந்த கல்லெல்லாம் கழன்று கீழே ஏறுகிறவன் தலையில் விழும்.

1935-ல் இரண்டு ஜெர்மன்காரர் அந்தச் சுவரிலேயே இறந்தார்கள். 1936-ல் நான்கு பேர். 1938 ஜூனில் இரண்டு இத்தாலியர். அதற்குப் பிறகுதான், 1938 ஜூலை 24-ல், ஹெக்மயர், ஃபோர்க், ஹாரர், காஸ்பரெக் என்ற நான்கு பேர் உச்சியைத் தொட்டார்கள். மத்தியானச் சோற்றுக்கு இறங்குகிற இடமா அது?

கிரான் மைந்தன்:
நீண்ட கடிதம். ஒரே ஒரு கேள்வி. கோச்சி போகிறதா, இல்லையா?

பேர்ன் தம்பி:
போகிறது அண்ணன். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். 1912-ல் திறந்த பாதை. ஐகரையும் பக்கத்து மலையையும் குடைந்துகொண்டு போய் 3454 மீட்டரில் யுங்ஃபிராவ்யோக் நிலையத்தில் நிற்கும். அம்மா சாறிக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு பனியில் நின்று படமெல்லாம் எடுத்தா. ஆனால் ஒன்று, அந்த ரயில் ஐகர் உச்சிக்குப் போவதில்லை.

கிரான் மைந்தன்:
நன்றி தம்பி. அம்மா சாறியோடு போய்வந்த மலை. இதைத்தான் நான் நேற்றும் சொன்னேன்.

கல்லடியான்:
தம்பி கடைசியாக எழுதின வரி உங்கள் கண்ணில் படவில்லையா? உச்சிக்குப் போவதில்லை.

கோச்சியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், கோச்சியைப் பற்றியே சொல்கிறேன். சுரங்கம் வெட்டியபோது கல்லை வெளியே தள்ளுவதற்குச் சுவரில் துவாரம் வைத்தார்கள். அந்தத் துவாரம் வடமுகத்தின் நடுவில் திறக்கிறது. 1936 ஜூலையில் டோனி குர்ட்ஸ், ஹின்டர்ஷ்டோய்சர், ஆங்கெரர், ரைனர் என்று நான்கு பேர் ஏறினார்கள். வழுக்குப் பாறை ஒன்றைக் குறுக்கே கடக்க ஹின்டர்ஷ்டோய்சர் கயிறு கட்டினார். எல்லோரும் கடந்த பிறகு கயிற்றை உருவிக்கொண்டு மேலே போனார்கள். பிறகு ஆங்கெரருக்குக் கல்லடி, வானமும் கெட்டது. திரும்பி வந்தால் அந்தப் பாறையில் கண்ணாடி மாதிரி பனி படிந்து கிடக்கிறது, கயிறும் இல்லை. நேரே கீழே இறங்கப் பார்த்தார்கள். மூன்று பேர் முடிந்தார்கள். குர்ட்ஸ் மட்டும் இரவு முழுவதும் கயிற்றில் தொங்கினார்.

மீட்க வந்தவர்கள் எதில் வந்தார்கள் தெரியுமா? உங்கள் கோச்சியில்தான் வந்தார்கள். அந்தத் துவாரத்தால்தான் சுவருக்கு வெளியே வந்தார்கள். குர்ட்ஸின் ஒரு கை உறைந்து மரத்துப் போயிருந்தது. மற்றக் கையாலும் பல்லாலும் கயிற்றின் புரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, முடிந்து, நீளமாக்கிக் கீழே விட்டார். அவர்கள் அதில் கட்டி அனுப்பிய கயிறு நீளம் போதவில்லை, இன்னொன்றை முடிச்சுப் போட்டு இணைத்தார்கள். அவர் அதில் இறங்கி வந்தபோது அந்த முடிச்சு இடுப்புக் கொளுக்கியில் சிக்கியது. உறைந்த கையோடு அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், போகவில்லை. மீட்க வந்தவர்களுக்குச் சில மீட்டர் மேலே, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, தொங்கியபடி செத்தார். கோச்சி அங்கேதான் நின்றது. எதற்கு உதவியது?

கிரான் மைந்தன்:
கவலையான கதைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கோச்சி போகிற மலை என்பதை நீங்களே இப்போது இரண்டு தரம் ஒத்துக்கொண்டுவிட்டீர்கள்.

சம்மாந்துறைக் காக்கா:
இரண்டு பேரும் மட்டக்களப்புக்காரர், குடும்பிமலையைத் தவிர கிழக்கில் மலையே இல்லை என்கிற மாதிரித்தான் கதைக்கிறீர்கள். எங்கள் பக்கம் கோவிந்தஹெல இருக்கிறது. அந்தப் பாறை முகத்துக்கு முன்னால் குடும்பிமலை எந்த மூலைக்கு?

கிரான் மைந்தன்:
காக்கா, கோவிந்தஹெல சியம்பலாண்டுவையில் இருக்கிறது. அது மொனராகலை மாவட்டம். அடுத்தவன் மலையைக் காட்டி அம்பாறைக்குப் பெருமை தேடாதீர்கள்.

சம்மாந்துறைக் காக்கா:
எந்த மாவட்டமாக இருந்தாலும் எங்களுக்குப் பக்கம்தான். ராஜகல மலை அம்பாறையில் இல்லாமல் வேறு எங்கே இருக்கிறது, அதையும் சொல்லுங்கள் பார்ப்போம். போன தடவை வயல் கதை வந்தபோதும் இப்படித்தான் அம்பாறைக்காரனை மட்டம் தட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

ஆரையம்பதி மகள்:
பெடியன்கள், பெடியன்கள் என்று எத்தனை தரம் எழுதுவீர்கள்? இலங்கையிலிருந்து முதன்முதலாக எவரெஸ்ட் உச்சியில் ஏறினவர் ஜயந்தி குருஉதும்பால. 2016 மே 21. பெண். அதே பயணத்தில் கூடப்போன ஆண் உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே திரும்ப வேண்டி வந்தது. 2018-ல்தான் அவரும் ஏறி முடித்தார்.

கிரான் மைந்தன்:
தங்கச்சி, அந்த அக்காவுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. 8849 மீட்டர், அது மலை. ஐகர் அதில் பாதி கூட இல்லை, கோச்சியும் போகிறது.

கல்லடியான்:
உயரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் இப்படித்தான் முடியும். எவரெஸ்டின் வழக்கமான பாதையில் கொல்லுவது காற்றும் குளிரும். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒன்று. மெஸ்னரும் ஹாபெலரும் 1978-ல் ஒக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் அதில் ஏறிக் காட்டினார்கள். உயர்மலைப் பாறையேற்றம் என்பது இன்னொரு வித்தை. விரல் நுனி பிடிக்கிற விளிம்பு, அதற்குள் பனி, வெடிப்பில் அடித்த ஆணி தாங்குமா என்ற கேள்வி, பின்னேரம் புயல். பாகிஸ்தானின் ட்ராங்கோ கோபுரத்தைப் பாருங்கள். 6000 மீட்டருக்கு மேலே நேர் செங்குத்துக் கருங்கல். 1976-ல்தான் முதல் தடவை ஏறினார்கள், எவரெஸ்டுக்கு 23 வருடம் பிந்தி. உயரம்தான் எல்லாம் என்றால் அது ஏன் பிந்தியது?

கிரான் மைந்தன்:
ட்ராங்கோவில் கோச்சி போகவில்லை. ஆகவே அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சுவிஸ்காரர் ஊலி ஷ்டெக் 2015-ல் உங்கள் பயங்கரச் சுவரை 2 மணி 22 நிமிடத்தில் ஏறினார். கிரானிலிருந்து குடும்பிமலைக்குப் போய்த் திரும்புகிற நேரம் கூட இல்லை. நான் மத்தியானம் என்றேன், அவர் காலைச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டார்.

கல்லடியான்:
ஷ்டெக்கை இழுத்ததால் சொல்கிறேன். அவர் வாழ்நாள் முழுவதும் அதற்காகவே உடம்பை வளர்த்தவர். அந்தச் சுவரில் திரும்பத் திரும்ப ஏறி ஒவ்வொரு பிடியும் மனப்பாடம். அவரே 2017 ஏப்ரலில் எவரெஸ்டுக்குப் பக்கத்து நுப்ட்சேயில் விழுந்து இறந்தார். அந்த மனிதனின் நேரத்தை எடுத்து எங்கள் பெடியன்களின் கணக்கில் போடுவது அவருக்கும் அவமரியாதை, பெடியன்களுக்கும் ஆபத்து. யாராவது உங்களை நம்பிப் போனால் யார் பொறுப்பு?

கிரான் மைந்தன்:
எங்கள் வேடர் காட்டுக்கொடியில் ஏணி கட்டிப் பாறை முகத்தில் தொங்கித் தேன் எடுத்தவர்கள். கீழே புகை, மேலே பெருந்தேனீ. ஆணியுமில்லை, கொளுக்கியுமில்லை. அவர்களுக்கு ஒரு வெள்ளைக்காரனும் பதக்கம் கொடுக்கவில்லை. எங்களுக்குப் பாறை தெரியாது என்று எழுதுகிறவருக்கு இதெல்லாம் தெரிந்தும் வாய் வராது.

கல்லடியான்:
வேடரைப் பற்றி ஒரு குறை நான் சொன்னேனா? எடுத்துக் காட்டுங்கள். அவர்களின் துணிவு என் நெஞ்சில் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஒவ்வொரு கொடியையும் இழுத்துப் பார்த்துத்தான் உயிரை அதனிடம் ஒப்படைத்தார்கள். நீங்கள் தோணிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தீர்கள்.

கிரான் மைந்தன்:
வந்துவிட்டது! இதற்குத்தான் இவ்வளவு எழுத்தும். போன வருடம் குடும்பிமலையில் பன்னிரண்டு பேருக்கு முன்னால் என் கயிற்றைத் தூக்கி எறிந்து, எல்லோரையும் ஏறவிடாமல் திருப்பினவர் இவர்தான். சபைக்குத் தெரியட்டும்.

கல்லடியான்:
தெரியட்டும், நல்லது. மலைக்கயிறு ஆள் விழும்போது நீண்டு கொடுக்கும், விழுந்த வேகத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். தோணிக் கயிறு அப்படி நீளாது. பாரம் கட்ட நல்லது, விழுகிறவனைப் பிடிக்க நல்லதில்லை. சில மீட்டர் விழுந்தாலே அந்த அதிர்ச்சி முழுவதும் இடுப்பிலும் ஆணியிலும் இறங்கும். இடுப்பு தாங்கினால் ஆணி கழரும். இன்றைக்கும் அந்தக் கயிற்றை எறிவேன்.

பேர்ன் தம்பி:
அண்ணன்மாரே, கயிறு விசயத்தில் கல்லடி அண்ணன் சொல்வது சரி. இங்கே கடையில் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருப்பார்கள்.

கிரான் மைந்தன்:
நீ அம்மாவோடு கோச்சியில் போன ஆள் தம்பி, கயிற்றைப் பற்றிக் கதைக்காதே.

ஆரையம்பதி மகள்:
அவர் அம்மாவை ஏன் திரும்பத் திரும்ப இழுக்கிறீர்கள்? மரியாதையாகக் கதையுங்கள்.

சம்மாந்துறைக் காக்கா:
ராஜகல கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கல்லடியான்:
என் கேள்விக்கும்தான் காக்கா. 1936-ல் கோச்சிப் பாதை இருந்தது, துவாரம் இருந்தது, மீட்க ஆளும் வந்தார்கள். நான்கு பேரும் ஏன் செத்தார்கள்? கோச்சி போகிற மலை என்று எழுதினவர் இதற்கு ஒரு வரி எழுதட்டும்.

கிரான் மைந்தன்:
எழுதுகிறேன். அதற்கு முதல், எறிந்த என் கயிற்றின் காசு எப்போது வரும் என்று அவர் ஒரு வரி எழுதட்டும்.